மலையகப் பண்ணைக்கு மாணவர் சேவைப் பயணம்: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேவைப் பயணம் என்றதும் மாணவர் குழுக்கள் முதலில் செய்வது திகதி குறிப்பதுதான். பரீட்சை எப்போது முடிகிறது, போதகருக்கு எந்த வார இறுதி தோது, பஸ் எந்த நாளில் கிடைக்கும் என்று பார்த்து ஒரு சனி ஞாயிறைப் பிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் பண்ணைக்கு ஒரு கோல் போகும்: "நாங்கள் முப்பது பேர் வருகிறோம், என்ன வேலை இருக்கிறது?" பண்ணைக்காரர் மறுக்க மாட்டார். வருகிறேன் என்பவரை வேண்டாம் என்று சொல்ல மலையகத்தில் யாருக்கும் வாய் வராது. ஆனால் அந்தக் கிழமை நடுகை முடிந்திருக்கும், அறுவடைக்கு இன்னும் நாள் கிடக்கும். முப்பது பேருக்கு வேலை தேடிக் கொடுப்பதே அவருக்குத் தனி வேலையாகிவிடும்.

இந்த ஒழுங்கை மாற்றுங்கள். முதலில் பண்ணை, பிறகு அங்கே உள்ள வேலை, அப்புறம் அந்த வேலைக்குத் தேவையான ஆட்கள், கடைசியில் திகதி. வரிசை பிசகினால் எவ்வளவு பக்தியோடு போனாலும் பாரமாகத்தான் போய் இறங்குவோம்.

நான் கிறிஸ்தவ மாணவர் குழுக்களோடு போகிறவன். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி கோயில் தொண்டர் சபைக்கும், பள்ளிவாசல் இளைஞர் குழுவுக்கும், பல சமயத்தவர் சேர்ந்த பல்கலைக்கழகக் குழுவுக்கும் அப்படியே பொருந்தும்.

எப்படிப்பட்ட இடம்

திருச்சபையோ, துறவி மடமோ, ஆச்சிரமமோ, ஒரு சமூக அமைப்போ நடத்தும் சில ஏக்கர் காணி. சரிவில் மரக்கறிப் பாத்திகள், இரண்டு மூன்று மாடுகள், ஒரு நாற்றுமேடை, கொம்போஸ்ட் கிடங்கு, பின்னேரம் தோட்டத்துப் பிள்ளைகள் வந்து படிக்க ஒரு சிறு மண்டபம். நிரந்தரமாக வேலை செய்பவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். மற்றதெல்லாம் வந்து போகிற கைகள்.

வழிபாட்டையும் மண்வேலையையும் சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. அப்பர் சுவாமிகளைக் கையில் உழவாரத்தோடுதான் கோயில்களில் பார்க்கிறோம். ஹப்புத்தளையில் அடிசம் மாளிகையில் இருக்கும் பெனடிக்ற் சபைத் துறவிகள் தங்கள் பழத்தோட்டத்தைப் பராமரித்து ஜாம் காய்ச்சி விற்கிறார்கள். செபமும் வேலையும் என்பது அவர்கள் சபையின் பழைய ஒழுங்கு. மாணவர் பயணம் என்று எடுத்தால், 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற, சாதியால் ஒதுக்கப்பட்ட கிராமத்துக்குச் சிரமதானத்துக்கு அழைத்துப் போனார். சர்வோதய இயக்கம் அங்கிருந்து வளர்ந்ததுதான். தோட்டத் தமிழர் மத்தியில் வேலை செய்யும் நோக்கத்தோடு இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். போகுமுன் மாணவர்களுக்கு இவற்றைச் சொல்லுங்கள். தங்களுக்கு முன்னால் நடந்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் பயணத்தை உல்லாசப் பயணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எப்போது போவது

மலையகம் முழுவதும் ஒரே நேரத்தில் மழை பெய்வதில்லை. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், கினிகத்தேன பக்கம் தென்மேற்குப் பருவமழை. மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை விடாது. அந்த மாதங்களில் பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளை பக்கம் வெயிலும் காற்றுமாக இருக்கும். அவர்களுடைய மழை ஒக்டோபரில் தொடங்கித் தை வரை இழுக்கும். தேயிலைக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள்: டிம்புள்ளைப் பக்கத்து நல்ல தேயிலை தை முதல் பங்குனி வரை, ஊவாத் தேயிலை ஆடி முதல் புரட்டாதி வரை. தேயிலைக்கு வாசனை ஏறும் அந்தக் காய்ந்த மாதங்கள்தான் நாம் மண்ணில் இறங்கவும் தோதான மாதங்கள். பண்ணை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் மாணவர் குழுவைக் கூட்டிப்போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகத்தின் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின. வீதிகளும் ரயில் பாதையும் உடைந்தன. அந்த மாதங்களில் உதவி தேவைப்படுவது உண்மை. ஆனால் அது பயிற்சி பெற்றவர்களின் உதவி. பழக்கமில்லாத இருபது மாணவர்கள் அங்கே இருந்தால், காப்பாற்ற வேண்டிய ஆட்களின் தொகை இருபதால் கூடும்.

நுவரெலியாவுக்கு ஏப்ரல் வேண்டாம். வசந்த காலக் கூட்டத்தில் பஸ்ஸில் இடமிருக்காது, தங்கும் இடங்களின் விலை ஏறிவிடும். மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் என்றால் சிவனொளிபாத மலைப் பருவத்தையும் பாருங்கள். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரை வார இறுதிகளில் அந்த வீதி யாத்திரிகர்களால் நிறைந்திருக்கும்.

இரண்டு பேர் முன்னாலே போய் வாருங்கள்

தொலைபேசியில் எல்லாம் பேசிவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். குழுவை நடத்தப்போகும் ஒருவரும், மாணவிகள் வருவதாக இருந்தால் ஒரு பெண் பொறுப்பாளரும் ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். போனால் முதலில் பார்க்க வேண்டியது மலசலகூடம். எத்தனை இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பீலித் தண்ணீர் (மலை ஊற்றுத் தண்ணீர்) என்றால் வரட்சியில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். குழுவின் அளவைத் தீர்மானிப்பது அந்தக் கணக்குத்தான். இரண்டு மலசலகூடம் உள்ள பண்ணைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூட்டிப்போவதை நான் விரும்புவதில்லை.

அப்புறம் வேலை. "என்ன வேலை செய்யலாம்?" என்று கேட்காமல், "ஆள் இல்லாததால் என்ன வேலை நின்றுபோயிருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும். முதல் கேள்விக்குச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்பார்கள். இரண்டாவதற்கு, மேல் பாத்திக்குக் கான் (மழைநீர் வாய்க்கால்) வெட்டவில்லை, போன மழையில் மண் எல்லாம் கீழே போய்விட்டது என்பார்கள். கான் வெட்டத்தான் போக வேண்டும்.

பண்ணைக்குப் போகும் பாதை தேயிலைத் தோட்டத்துக்கு ஊடாகப் போனால், தோட்ட முகாமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். பண்ணைக்காரர் வழியாகக் கேட்பது நல்லது. கிராம உத்தியோகத்தருக்கும் தகவல் சொல்லி வையுங்கள். பாடசாலை மாணவர்கள் என்றால் அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலக அனுமதியும், ஒவ்வொரு பெற்றோரின் கையொப்பமும் தேவை. இவற்றுக்கு நேரமெடுக்கும், ஆகவே இரண்டு மாதம் முன்னாலேயே தொடங்குங்கள்.

போகுமுன் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு மலையகத் தமிழரின் கதை பாடப் புத்தகத்தில் படித்த ஒரு பந்திதான். குறைந்தது ஒரு மாலையாவது இதற்கு ஒதுக்குங்கள். கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தார்கள்; வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அந்த வருகையின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023இல் அதே பாதையில் மக்கள் நடந்தார்கள். சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இலங்கைக்கும் இந்தியாவுக்குமாகப் பிரித்துப்போட்டது. மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. இத்தனை தலைமுறை உழைத்தும் பெரும்பாலானோருக்குக் காணி உரிமை இல்லை. 7 பேர்ச்சஸ் காணிக்கான கோரிக்கையை அவர்கள் ஏன் உயிராக நினைக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும்.

இது தெரியாமல் போகிற மாணவன் லயக் காம்பராவைப் பார்த்து "பாவம்" என்பான். தெரிந்து போகிறவன் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்த தாயை மரியாதையோடு பார்ப்பான். "தோட்டக்காட்டான்" என்ற சொல் கேலிக்குக்கூட வாயில் வரக் கூடாது என்பதைக் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சில வீடுகளில் அது சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. பிள்ளைகள் அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள்.

பண்ணையில் வேலை செய்பவர்களை அண்ணா, அக்கா என்று கூப்பிடலாம். வயதானவர்களை ஐயா, அம்மா. வயதில் உங்களுக்குச் சமமானவராக இருந்தாலும் வேலை சொல்லிக் கொடுப்பவரை "நீங்கள்" என்றுதான் பேச வேண்டும். அயலில் சிங்களக் குடும்பங்களும் இருக்கும். நாலு வார்த்தை சிங்களம் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் நல்லது.

இன்னொன்று, இயற்கை விவசாயத்தைப் பற்றி யாருக்கும் வகுப்பு எடுக்காதீர்கள். பண்ணை இரசாயனப் பசளை போடாமல் நடக்கலாம், அதை விரும்பியே நாம் போகலாம். ஆனால் 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியபோது நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து மரக்கறி விவசாயிகள் பட்ட பாடு சொல்லி முடியாது. அதே ஆண்டு நவம்பரில் தடையை நீக்கினார்கள், அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. அடுத்த காணியில் கரட்டுக்கு யூரியா போடும் ஐயாவிடம் போய் மண் செத்துவிடும் என்று ஒரு மாணவர் சொன்னால், அவர் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார். பிறகு நம் பண்ணைப் பக்கம் வர மாட்டார்.

பையில் என்ன

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். தை, மாசியில் விடியற்காலை வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. கோவா இலையில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். பகலில் அதே இடத்தில் வெயில் சுடும். ஆகவே ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய உடுப்புகள் உதவும். காதை மூடும் தொப்பி, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், மூன்று சோடி நீளக் காலுறை, ரெயின்கோட், டோர்ச், சொந்தக் கோப்பையும் தட்டும், போர்வை. ஜீன்ஸ் வேண்டாம். ஒருமுறை நனைந்தால் நீங்கள் ஊர் திரும்பும்வரை காயாது. குடையும் வேண்டாம், சரிவில் இரண்டு கையும் தேவை.

ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். சாணமும் துருப்பிடித்த கருவிகளும் உள்ள இடம். ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்தைத் தாங்களே வைத்துக்கொண்டு, பொறுப்பாளரிடமும் ஒரு செட் கொடுக்க வேண்டும்.

அட்டைக்குப் பயப்படாதீர்கள். ஈரமான மாதங்களில் ஏறத்தான் செய்யும். காலுறைக்கு வெளியே சவர்க்காரம் தேய்த்துவிட்டால் குறையும். ஏறிவிட்டால் உப்பையோ சித்தாலேபவையோ தொட்டு வைத்தால் தானே விழும். பிய்த்தால் புண்ணாகும்.

குளவிதான் உண்மையில் பயப்பட வேண்டியது. தேயிலை மலையில் கொழுந்து பறிப்பவர்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி அடிக்கடி வருகிறது; இறந்தவர்களும் உண்டு. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு காணிக்குள் போகக் கூடாது. கூடு இருக்கும் மரங்களை முதல் நாளே பண்ணைக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குளவி கலைந்தால் கையை வீசாமல், முகத்தையும் தலையையும் துணியால் மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு வேகமாக விலக வேண்டும். பல கொட்டு வாங்கியவரையும், மூச்சுத் திணறல் வந்தவரையும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

போய்ச் சேர்வது

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் ஹட்டன், தலவாக்கலை, நானு ஓயா, ஹப்புத்தளை, பண்டாரவளை எல்லாம் வரும். குழுவுக்கு முன்பதிவு செய்ய வேண்டும், கடைசி நேரத்தில் கிடைக்காது. டித்வாவுக்குப் பிறகு மலையக ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று விசாரித்துவிட்டே திட்டம் போடுங்கள். வீதியால் வருவதென்றால் கொழும்பிலிருந்து அவிசாவளை, ஹட்டன் வழியாக நுவரெலியா போகலாம். மட்டக்களப்பிலிருந்து வருபவர்களுக்குச் செங்கலடி, பதுளை வீதி இருக்கிறது. யாழ்ப்பாணக் குழுக்கள் கண்டி வரை வந்து மாறுவது வழக்கம். மலைப் பாதையில் வளைவுகள் அதிகம், வெறும் வயிற்றில் ஏறாதீர்கள்.

பெரிய சுற்றுலா பஸ் பிரதான வீதியோடு நின்றுவிடும். அங்கிருந்து பண்ணைக்கு நடையா, ஆட்டோவா, தோட்டத்து லொறியா என்பதை முன்னால் போய் வந்தவர்கள் பார்த்து வைத்திருக்க வேண்டும். இருட்டுமுன் போய்ச் சேருங்கள்.

வேலை

முதல் நாள் காலையில் பண்ணையைச் சுற்றி நடக்க வேண்டும். எந்தப் பாத்தியில் என்ன, எந்த வாசல் மூடியிருக்க வேண்டும், எந்தத் தண்ணீர் குடிக்க, எது மாட்டுக்கு. இதைப் பண்ணையில் வேலை செய்பவர் சொல்ல, மாணவர்கள் கேட்க வேண்டும். பொறுப்பாளர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் இது. நானும் பின்னால்தான் நிற்பேன்.

நடைமுறையில் ஒரு நாள் இப்படிப் போகும்: ஐந்தரைக்கு எழும்பி, பிளேன்டியோடு பதினைந்து நிமிடம் செபம். ஏழு மணிக்கு முதல் வேலை. பத்துக்கு ரொட்டியும் கட்டசம்பலும். பன்னிரண்டரைக்குச் சோறு, பருப்பு, கோவாச் சுண்டல். இரண்டு மணிக்குப் பிறகு மலையில் மழை வரக்கூடும். கடினமான வேலையைக் காலையில் முடித்துவிடுங்கள். பின்னேரத்துக்கு நாற்றுமேடை, கருவி கழுவுதல், விறகு.

சரிவில் மண்ணைக் காக்கும் வேலையை மாணவர் குழுக்களுக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பேன். ஒரு வார இறுதியில் செய்து முடிக்கலாம், பலன் பல வருடம் நிற்கும், அதோடு கணிதமும் உண்டு. முதலில் சரிவில் ஒரே மட்டத்தில் போகும் கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணளவு ஏமாற்றும். அதற்கு மூன்று தடியில் ஒரு கருவி செய்துகொள்ளலாம்.

ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளமான, சரிசமமான இரண்டு தடிகளை மேலே ஒன்றாக ஆணியடித்துக் கீழே கால் விரித்து வையுங்கள். நடுவில் குறுக்காக ஒரு தடி. ஆங்கிலப் பெரிய ஏ எழுத்துப் போல இருக்கும். உச்சியிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால், நூல் குறுக்குத் தடியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இனி அதை அளவுபடுத்த வேண்டும். இரண்டு காலும் ஊன்றிய இடங்களில் குச்சி அடித்துவிட்டு, நூல் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். பிறகு கருவியைத் திருப்பி, இடது கால் இருந்த இடத்தில் வலது காலையும் வலது கால் இருந்த இடத்தில் இடது காலையும் வைத்து மறுபடி கோடு போடுங்கள். அந்த இரண்டு கோட்டுக்கும் சரி நடுவில் மூன்றாவது கோடு. நூல் அந்த நடுக்கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன.

இப்போது சரிவின் ஓரத்தில் ஒரு முளை அடித்து, ஒரு காலை அதில் ஊன்றி, மற்றக் காலை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். நூல் நடுக்கோட்டுக்கு வந்ததும் அங்கே அடுத்த முளை. அதிலிருந்து அடுத்தது. இருபது முளை அடித்த பிறகு தள்ளி நின்று பார்த்தால், கோடு மலையின் வளைவோடு வளைந்து போயிருக்கும். நேர்கோடாகத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்த பொறியியல் மாணவர்கள்கூட அந்த இடத்தில் சற்று நேரம் பேசாமல் நிற்பார்கள். காற்று பலமாக அடிக்கும்போது நூல் ஆடிக்கொண்டே இருக்கும், கல் கொஞ்சம் கனமாக இருக்கட்டும்.

அந்தக் கோட்டில்தான் கான் வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் வரம்பாகக் குவித்து, அதில் வெட்டிவேரோ கிளிரிசிடியாக் கம்போ நட்டுவிட்டால் வேர் மண்ணைப் பிடிக்கும். கிளிரிசிடியா இலையை வெட்டிப் பசளையாகப் போடலாம், ஆட்டுக்கும் தீனி. எந்தச் செடி என்பதைப் பண்ணைதான் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் மறுநடுகைக்கு முன் மானாப் புல்லும் குவாத்தமாலாப் புல்லும் வளர்த்து மண்ணைத் தேற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள்.

மம்பட்டி பிடிக்கத் தெரியாதவர்கள் முதல் அரை மணியிலேயே உள்ளங்கையில் கொப்புளம் போட்டுக்கொள்வார்கள். பண்ணையில் வேலை செய்யும் ஓர் அக்கா மாணவர்களுக்குச் சொல்லும் வார்த்தையையே நானும் சொல்கிறேன்: "தம்பி, ஓங்கி வெட்டாதீங்க. மம்பட்டி அதும்பாட்டுக்கு விழட்டும், நீங்க இழுங்க போதும்." அவர் கையைக் கவனித்தால் தெரியும். மேல் கை இறுக்கிப் பிடிப்பதே இல்லை, தடியில் வழுக்கிக்கொண்டு போகும். கால் எப்போதும் வெட்டுகிற கோட்டுக்கு வெளியே. அவரை முன்னால் விட்டு, மாணவர்களை அவருக்கு இரண்டு பக்கமும் போதிய இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அரை நாளில் பழகிவிடுவார்கள்.

படிப்பில் முதலாவதாக வரும் பிள்ளைகள் இங்கே பின்தங்கலாம். அவர்களை யாரும் விசேஷமாகத் தேற்ற வேண்டியதில்லை. ஒருவரிடம் பணிந்து வேலை கற்றுக்கொள்வது நம்பிக்கை வாழ்வின் ஒரு பகுதி. சேவைப் பயணத்தில் செபக்கூட்டத்தைவிட ஆழமாக இதை உணர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வழிபாடும் அயலும்

தோட்டங்களில் பெரும்பாலானோர் இந்துக்கள். அநேகமாக ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மன் கோயில் உண்டு. கத்தோலிக்கரும் மற்றக் கிறிஸ்தவர்களும் அவர்கள் மத்தியில் இருக்கிறார்கள். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: சேவையைச் சாட்டாக வைத்து மதம் பரப்பக் கூடாது. துண்டுப்பிரசுரம் வேண்டாம், பிஸ்கட் கொடுத்துப் பிள்ளைகளைப் பாட்டுப் பாட வைக்க வேண்டாம், வீட்டுக்கு வீடு செபிக்கப் போக வேண்டாம். நாம் ஊர் திரும்பிவிடுவோம். நாம் கிளறிவிட்ட சச்சரவோடு பண்ணைதான் அயலவர்களோடு வாழ வேண்டும். வாங்குகிற நிலையில் இருப்பவரிடம் கொடுத்துக்கொண்டே நம்பிக்கையைப் பற்றிப் பேசினால் அவரால் மறுத்துப் பேச முடியாது. மறுக்க முடியாத இடத்தில் சொல்லும் நற்செய்தி நற்செய்தியே அல்ல.

நம் செபத்தை நாம் ஒளிக்கவும் தேவையில்லை. காலையிலும் மாலையிலும் குழு தன் முறைப்படி செபிக்கட்டும். விரும்பினால் யாரும் வந்து உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை பண்ணையில் வேலை இல்லை என்றால் நாமும் ஓய்வெடுக்க வேண்டும். கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்வாருங்கள், மரியாதையோடு நில்லுங்கள். குழுவில் முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு எந்த ஊர்ப் பள்ளிவாசல் கிட்ட இருக்கிறது என்பதையும் சாப்பாட்டையும் முன்பே ஒழுங்கு செய்யுங்கள்.

பிள்ளைகள், படங்கள், பரிசுகள்

பின்னேரம் பிள்ளைகள் வருவார்கள், மாணவர்களைச் சுற்றிக்கொள்வார்கள். இது மகிழ்ச்சியான நேரம், கவனமாக இருக்க வேண்டிய நேரமும் இதுதான். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது. இரண்டு பேராவது, கதவு திறந்தபடி. பிள்ளைகளின் தொலைபேசி இலக்கத்தை வாங்குவதோ, பிறகு தனியாகச் செய்தி அனுப்புவதோ கூடாது. ஒரு பிள்ளை ஏதாவது துன்பத்தைச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள், யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல் பொறுப்பாளரிடம் கொண்டு வாருங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

படம் எடுப்பதானால் வேலையை எடுங்கள், கானை எடுங்கள், உங்கள் குழுவை எடுங்கள். லயத்தின் உள்ளே, குளிக்கும் பீலியில், கிழிந்த சட்டையோடு நிற்கும் பிள்ளையை எடுக்கவே வேண்டாம். பெற்றோரிடம் கேட்டு எடுத்த படத்தையும் ஊரும் பெயரும் போட்டு முகநூலில் ஏற்றாதீர்கள்.

பரிசு கொண்டு போக ஆசை வரும். பண்ணையிடம் கேட்டு, பண்ணை வழியாகவே கொடுங்கள். பத்துப் பிள்ளைக்குக் கொப்பி கொடுத்துப் பதினோராவது பிள்ளைக்கு இல்லையென்றால் அந்தப் பிள்ளை அதை நெடுநாள் நினைத்திருக்கும். "அடுத்த மாதம் வருவோம்" என்பதையும் வருவது உறுதியானால் மட்டுமே சொல்லுங்கள்.

மழை கூடினால்

காய்ந்த மாதத்திலும் மலை மழையை நம்ப முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக வெளியிடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் பெய்து மழை இன்னும் தொடர்ந்தால் விழிப்பாக இருங்கள். நிலத்தில் புதிதாக வெடிப்பு, சாய்ந்துபோகும் மரம், திறக்க முடியாமல் இறுகும் கதவு, திடீரென்று கலங்கி வரும் ஊற்று, நன்றாக ஓடிய நீர் சட்டென்று நிற்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பையை எடுக்க நிற்காமல் அந்தச் சரிவுக்குக் கீழேயிருந்து விலகுங்கள். எங்கே கூடுவது என்பதை முதல் நாளே தீர்மானித்திருக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119. தொலைபேசிச் சிக்னல் பண்ணையில் எந்த இடத்தில் கிடைக்கிறது என்றும் பார்த்து வையுங்கள். மஞ்சள் எச்சரிக்கை வந்த பகுதிக்கு நான் குழுவைக் கூட்டிப்போவதில்லை, கட்டிய பணம் போனாலும் சரி.

பணமும் புறப்பாடும்

சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் பண்ணைக்குப் பணம் கொடுங்கள். வேலை செய்கிறோமே என்று கணக்குப் பார்க்காதீர்கள். பழகாத பன்னிரண்டு பேரின் வேலையைவிட அவர்களுக்குச் சமைக்கும் செலவு கூட. சமையல் செய்யும் அம்மாவுக்கு அந்த நாட்களுக்கான கூலி தனியாகக் கொடுக்கப்படுகிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர் அன்றைக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தால் பெயர் விழுந்திருக்கும், அதாவது ஒரு நாள் கூலி கணக்கில் ஏறியிருக்கும். கருவிகளைக் கொண்டு போவதானால் நல்லதாக வாங்கி அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கரட்டோ லீக்ஸோ வாங்கிக்கொண்டு வர விரும்பினால் சந்தை விலைக்கு வாங்குங்கள், விலை பேச வேண்டாம்.

கடைசி நாளில் அரை நாளை எதற்கும் கொடுக்காமல் ஒதுக்குங்கள். மம்பட்டிகளைக் கழுவி, எண்ணெய் துணியால் துடைத்து, எண்ணிப் பார்த்து இருந்த இடத்தில் வைக்க வேண்டும். மலசலகூடமும் சமையலறையும் நாம் வந்த நாளைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும். வாசலிலேயே நின்று நன்றி சொல்லாமல், பண்ணையில் வேலை செய்பவர்களோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து, எது சரியாக வரவில்லை என்று கேளுங்கள். முதலில் "எல்லாம் நல்லா இருந்திச்சு" என்பார்கள். கொஞ்சம் பொறுத்து, மறுபடி கேளுங்கள்.

ஊருக்கு வந்த முதல் கிழமைக்குள் படங்களைப் பண்ணைக்கு அனுப்பிவிட்டு, செலவுக் கணக்கை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் காட்டுங்கள். பண்ணையில் ஒரு கொப்பி வைத்திருந்து அதில் வேலையின் நிலையை எழுதிவிட்டு வருவது எங்கள் வழக்கம்: கான் எந்த முளை வரை வெட்டியாயிற்று, எந்த வரம்பில் எந்தச் செடி நட்டது, எந்தக் கருவியின் பிடி கழன்றிருக்கிறது, எந்த மரத்தில் குளவிக் கூடு. அடுத்து வருகிற குழு எந்தச் சபையைச் சேர்ந்தது என்பது முக்கியமில்லை. பஸ்ஸால் இறங்கிய அன்றைக்கே அவர்கள் அதை வாசித்துவிட்டு, விட்ட முளையிலிருந்து வெட்டத் தொடங்கலாம்.